பட்டறைப் பதில்கள்: படிக்கும்போது வாங்கும் பழைய கார்

கோவை சிங்காநல்லூரில் 31 வருடமாகக் கார் பட்டறை வைத்திருக்கிறேன். கல்லூரி திறக்கும் மாதங்களில் எனக்கு வரும் கடிதங்களில் பாதி மாணவர்களுடையவை. இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஐயா, நான் மூன்றாம் ஆண்டு பொறியியல் மாணவன். வார இறுதியில் கேட்டரிங் வேலைக்குப் போய் 80,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். அப்பா ஒரு லட்சம் தருகிறார். பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங் கடையில் 2012 ஆகஸ்ட் மாத வேகன்-ஆர் பார்த்தேன். சிங்கிள் ஓனர், 62,000 கிலோமீட்டர், விலை 1,75,000. ஞாயிறன்று வேறு பார்ட்டி வருகிறது, இன்றே 10,000 அட்வான்ஸ் போட்டால் நிறுத்தி வைக்கிறோம் என்கிறார்கள். போடலாமா?
– மாணவர், பீளமேடு

பதில்: போடாதீர்கள் தம்பி. வண்டி நல்ல வண்டியாகவே இருக்கலாம். 2010-க்குப் பிறகு வந்த வேகன்-ஆரில் இருக்கும் 998 சிசி எஞ்சினில் டைமிங் செயின். ஆயிலை நேரத்துக்கு மாற்றியிருந்தால் நீண்ட நாள் உழைக்கும். உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். உங்கள் தேர்வில் எனக்குக் குறை இல்லை. ஆனால் கடிதம் முழுக்க வண்டியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள், ஆர்.சி. என்ற பதிவுச் சான்று பற்றி ஒரு வரி கூட இல்லை.

முதலில் ஆர்.சி.யைக் கையில் வாங்கிப் பாருங்கள். போட்டோ வேண்டாம், அசல் வேண்டும். எத்தனையாவது உரிமையாளர் என்று அதிலேயே எண் இருக்கும். 'சிங்கிள் ஓனர்' என்ற பேச்சை அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். வங்கிப் பெயர் ஏதாவது இருந்தால் கடன் இன்னும் நீக்கப்படவில்லை என்று பொருள். கடன் எப்போதோ கட்டி முடித்தாயிற்று என்பார்கள். உண்மையாகவும் இருக்கும். ஆனாலும் வங்கியின் தடையில்லாச் சான்றும், ஆர்.சி.யில் கடனை நீக்குவதற்கான படிவம் 35-ம் வராமல் உங்கள் பெயருக்கு வண்டி மாறாது. சேஸிஸ் (அடிச்சட்டம்) எண்ணை வண்டியிலும் ஆர்.சி.யிலும் எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். அப்புறம் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா, கட்டாத அபராதம் கிடக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேர வேலைதான்.

கடையைப் பற்றியும் கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வாங்கி விற்பவர்கள் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு பெற வேண்டும். அந்தச் சான்றுக்குப் படிவம் 29பி என்று பெயர். உரிமையாளர் வண்டியைக் கடையில் விடும்போது 29சி வழியாகத் தகவல் கொடுக்க வேண்டும். இரண்டும் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள். அது இல்லாத கடையென்றால் பழைய உரிமையாளரையே நேரில் வரச் சொல்லுங்கள். பெயர் மாற்ற விண்ணப்பிக்கும்போது ஓ.டி.பி. அவருடைய போனுக்குத்தான் போகும். பழைய எண்ணை அவர் விட்டிருந்தால் அதற்கே இரண்டு வாரம் அலைய வேண்டியிருக்கும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29-ல் இரண்டு பிரதி, படிவம் 30-ல் ஒன்று. தேதி, பெயர், விலை எல்லாம் நிரப்பிய பிறகுதான் கையெழுத்து.

இப்போது கணக்குக்கு வருவோம். உங்களிடம் மொத்தம் 1,80,000. வண்டிக்கே 1,75,000 போய்விட்டால் மிச்சம் 5,000. அந்த 5,000 பெயர் மாற்றத்துக்கும் இன்சூரன்ஸுக்குமே பற்றாது. ஆயிரம் சிசிக்குள் இருக்கும் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும், 2022 ஜூனில் வந்த கட்டணப்படி, வருடம் 2,094 ரூபாய், வரி தனி. பன்னிரண்டு வயதைத் தாண்டிய வண்டியை வாங்கியதும் எல்லா ஆயிலும் ஃபில்டரும் கூலன்ட்டும் மாற்றியாக வேண்டும். பேட்டரி போனால் நாலாயிரத்துக்கு மேல் ஆகும். டயர் நான்கும் மாற்றினால் பன்னிரண்டாயிரத்துக்குக் குறையாது. இன்னொன்று. 2012 ஆகஸ்டில் பதிவானது 2027 ஆகஸ்டில் 15 வருடம் முடிக்கிறது. அப்போது வண்டியைக் காட்டி ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. பசுமை வரி, டிங்கரிங், பெயின்ட் எல்லாம் தனிச் செலவு.

பெட்ரோலையும் பாருங்கள். தினம் 30 கிலோமீட்டர், ஊருக்குள் லிட்டருக்கு 15 என்றால் நாளைக்கு இரண்டு லிட்டர். மாதம் 25 நாளுக்கு 50 லிட்டர். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கும்போது மாதம் ஐயாயிரத்துக்கு மேல். அதற்கு எத்தனை பந்திக்குப் பரிமாற வேண்டும் என்று உங்களுக்குத்தான் தெரியும். சனி, ஞாயிறு நின்று உழைத்த பணம் தம்பி. 1,40,000-க்கு மேல் போகாத வண்டியைத் தேடுங்கள். 40,000 கையில் இருக்கட்டும். இதே வண்டியை அந்த விலைக்குத் தருவார்களா என்றும் கேட்டுப் பாருங்கள், தப்பில்லை.

வண்டியைப் பார்க்கப் போகும் நாளில், வருவதற்கு முன்பு ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். ஸ்டார்ட் ஆனதும் சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே இறங்குகிறது. ஆயில் மூடியைக் கழற்றினால் அடியில் பால் ஆடை மாதிரி ஒட்டியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் எஞ்சினைப் பிரித்துப் பார்க்காமல் யாரும் உறுதி சொல்ல முடியாது.

62,000 என்ற மீட்டரை நம்ப எனக்குச் சில அடையாளங்கள் வேண்டும். பிரேக், கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறதா? ஓட்டுநர் சீட்டின் வலது ஓரம் அமுங்கியிருக்கிறதா? பானட்டுக்குள்ளோ கதவு ஓரத்திலோ பழைய ஆயில் சர்வீஸ் ஸ்டிக்கர் இருக்கும். போன வருடம் என் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியில் மீட்டர் 58,000 காட்டியது. கதவைத் திறந்தால் அடுத்த ஆயில் சர்வீஸ் 1,10,000-ல் என்று ஸ்டிக்கர். அதை உரிக்க மறந்திருந்தார்கள். கம்பெனி சர்வீஸ் போன வண்டி என்றால் அந்த சர்வீஸ் சென்டரிலேயே கடைசியாக எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்று உரிமையாளரை விட்டு விசாரிக்கச் சொல்லுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது வெறும் சமதளத்தில் ஒரு சுற்று போதாது. உக்கடம் மேம்பாலம் மாதிரி ஓர் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மிதியுங்கள். சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் முடிந்துவிட்டது. காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகச் சுற்றுங்கள். கடக் கடக் என்று கேட்டால் ஆக்சில் ஜாயின்ட். ஏ.சி.யை மதியம் ஒரு மணிக்குப் போட்டுப் பாருங்கள். இவையெல்லாம் வாங்கக் கூடாது என்பதற்கான காரணங்கள் இல்லை, விலையில் கழிக்க வேண்டிய தொகைகள். வாங்கவே கூடாதது சேஸிஸில் அடிபட்ட வண்டி. பானட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் சக்கரத்துக்கு மேலே வரும் தகட்டில் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் வரிசையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் புள்ளி, மறு பக்கம் கரடுமுரடான வெல்டிங் என்றால் கிளம்பிவிடுங்கள்.

உங்கள் ஊர் மெக்கானிக் ஒருவரை 500 ரூபாயோ ஆயிரமோ கொடுத்துக் கூட்டிப் போங்கள். கடைக்காரர் சிபாரிசு செய்யும் மெக்கானிக் வேண்டாம்.

கேள்வி: என் மகன் சென்னையில் படிக்கிறான். நண்பனின் உறவினர் 2016 ஆல்டோ 800 ஒன்றை மிகக் குறைந்த விலைக்குத் தருகிறாராம். வெள்ளத்தில் மாட்டிய வண்டியாக இருக்குமோ என்று சந்தேகம். அதில்தான் இனி லீவுக்கு ஊருக்கு வருவேன் என்கிறான். எனக்குத் தூக்கம் வரவில்லை.
– ஒரு தாய், பாளையங்கோட்டை

பதில்: அம்மா, சந்தேகப்பட்டது சரி. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலால் சென்னை, அதே மாதம் 17, 18 தேதிகளில் உங்கள் பக்கம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியதை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாட்களில் மூழ்கிய கார்கள் எல்லாம் உடைப்புக்குப் போய்விடவில்லை. கழுவி, சீட் மாற்றி, நல்ல சென்ட் அடித்து வேறு ஊரில் விற்கப்பட்டவையும் உண்டு.

மகனை இதைச் செய்யச் சொல்லுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுக்க வேண்டும். வெளியே தெரியும் பகுதியைக் கழுவியிருப்பார்கள், சுருளுக்குள் இருக்கும் கடைசி ஓரடியில் சேற்றுக் கறை அப்படியே இருக்கும். டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அடித்தகட்டின் மூலையில் விரலை விட்டால் நைசான வண்டல் ஒட்டுகிறதா பார்க்க வேண்டும். சீட்டுக்கு அடியில் ரெயில் போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கின்றனவா, தரைவிரிப்புக்குக் கீழே பஞ்சு ஈரவாடை அடிக்கிறதா என்றும் பார்க்கட்டும். ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு நின்றிருந்தால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம். மூழ்கிய வண்டியின் வயரிங் இன்று ஓடும், ஆறு மாதம் கழித்து நட்ட நடுச்சாலையில் நிற்கும். இரண்டு வருட இன்சூரன்ஸ் தாள்களையும் கேளுங்கள். கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காகக் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடிதான் நோ-கிளெய்ம் போனஸ். முன்பிருந்த அது திடீரென்று காணாமல் போயிருந்தால் அந்த வருடம் ஏதோ பெரிய கிளெய்ம் நடந்திருக்கிறது.

இரண்டாவது கவலைதான் எனக்கும் பெரிது. ஆல்டோ 800-ஐ 2014-ல் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு மோதவிட்டுச் சோதித்தது. காற்றுப்பை இல்லாத அந்த மாடலுக்குப் பெரியவர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம் கூடக் கிடைக்கவில்லை. 2019 ஜூலையில்தான் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஓட்டுநர் காற்றுப்பை கட்டாயமானது. பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அதே வருடம் ஏப்ரலில். ஊருக்குள் கல்லூரிக்குப் போய்வர ஆல்டோ போதும். 600 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் நாலு பையன்கள் வெள்ளிக்கிழமை வகுப்பு முடித்த கையோடு ராத்திரியில் கிளம்பி நால்வழிச்சாலையில் வருவதற்கு அது வேண்டாம் அம்மா. இன்னும் ஒரு வருடம் பணம் சேர்த்து 2019 கடைசியிலோ அதற்குப் பிறகோ தயாரான வண்டியை எடுக்கச் சொல்லுங்கள். அதுவரை நெல்லை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. அவன் கோபித்துக்கொள்வான், பரவாயில்லை. என் பெயரைச் சொல்லுங்கள்.

கேள்வி: டெல்லி நம்பர் டீசல் கார் ஒன்று இங்கே விற்கும் விலையில் பாதிக்குக் கிடைக்கிறது. எடுக்கலாமா?
– எம்.பி.ஏ. மாணவர், சேலம்

பதில்: டெல்லி வட்டாரத்தில் 10 வருட டீசலுக்கும் 15 வருட பெட்ரோலுக்கும் வந்த கட்டுப்பாடுகளால் அங்கே விலை இறங்கியது. வண்டி மலிவாக வருவதற்குக் காரணம் அதுதான், அதில் மர்மம் இல்லை. ஆனால் இங்கே ஓட்ட அந்த ஊர் அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28, வேண்டும். தமிழ்நாட்டு வாழ்நாள் வரியைத் தனியாகக் கட்டி 12 மாதத்துக்குள் டி.என். எண் வாங்க வேண்டும். சான்று கைக்கு வராமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். வரியையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், பாதி விலை என்பது முக்கால் விலை ஆகிவிடும். மாணவருக்கு இந்த அலைச்சல் தேவையில்லை என்பது என் கருத்து.

கேள்வி: முதுகலை படிக்கிறேன். ஆய்வுக்காகக் கிராமங்களுக்குப் போகக் கார் வேண்டும். கடைக்குப் போனால் கூட வந்த தம்பியிடம்தான் பேசுகிறார்கள். நான் எஞ்சின் பற்றிக் கேட்டால், "கலர் பிடிச்சிருக்கா மேடம்" என்கிறார்கள். தனியாகப் போய் வாங்க முடியுமா?
– மாணவி, உடுமலை

பதில்: முடியும் அம்மிணி. அப்படிப் பேசுகிற கடையில் வாங்க வேண்டியதில்லை. அவர்கள் பதில் சொல்லாமல் தள்ளும் கேள்விக்குப் பெரும்பாலும் நல்ல பதில் இருக்காது.

யாரிடமும் கேட்காமல் நீங்களே படிக்கக்கூடியவை வண்டியிலேயே எழுதியிருக்கின்றன. டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். ஆறு வருடத்தைத் தாண்டிய டயரை, பட்டன் தேயாமல் நிறைய இருந்தாலும், மாற்ற வேண்டியதாகவே கணக்கு வையுங்கள். எல்லாக் கண்ணாடிகளிலும் மூலையில் தயாரிப்பு முத்திரை உண்டு. ஆறில் ஐந்து ஒரே வருடம், ஒன்று மட்டும் வேறு என்றால் அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று கேளுங்கள். சீட் பெல்ட்டின் அடிப்பட்டையில் தைத்திருக்கும் துணிச்சீட்டிலும் தேதி இருக்கும். ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். கதவிலும் மட்கார்டிலும் வைத்தால் ஒட்ட வேண்டும். ஒட்டாத இடத்தில் பெயின்ட்டுக்குக் கீழே பட்டி பூசியிருக்கிறார்கள். பம்பர் பிளாஸ்டிக், அதில் ஒட்டாது.

என் பட்டறையில் 2017 முதல் ஒரு பெண் மெக்கானிக் வேலை பார்க்கிறார். இதில் பாதி அவர் சொல்லி எழுதியது. காந்தத்தை எடுத்ததுமே கடைக்காரர் பேச்சு மாறிவிடும் என்கிறார்.

கிராமத்து மண்சாலை என்பதால் சஸ்பென்ஷனைக் கவனியுங்கள். வேகத்தடையில் இருபதில் ஏறி இறங்குங்கள். டொக் என்று கேட்டால் லோயர் ஆர்ம் புஷ் அல்லது ஷாக் அப்சார்பர் போயிருக்கிறது. பெரிய செலவில்லை, விலையில் குறைத்துக் கேட்கலாம்.

கேள்வி: படிப்பு முடிந்து வெளிநாடு போகிறேன். என் சான்ட்ரோவை ஜூனியர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். 29, 30 படிவங்களில் வெறுமையாகக் கையெழுத்துப் போட்டுத் தந்தேன். மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லி நான்கு மாதம் ஆகிறது. நல்ல பையன்தான். விட்டுவிடலாமா?
– மாணவர், தஞ்சாவூர்

பதில்: விடாதீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2009-ல் என் மாருதி 800-ஐ ஒரு புரோக்கர் வழியாக விற்றேன். வண்டியின் ஒவ்வொரு போல்ட்டையும் தெரிந்தவன், படிவத்தில் ஒரு எழுத்துக்கூட நிரப்பாமல் கையெழுத்துப் போட்டேன். பணம் வந்தது, மறந்துவிட்டேன். பதினான்கு மாதம் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்தது. பல்லடம் பக்கம் சைக்கிளில் போன ஒரு பெரியவரை அந்தக் கார் இடித்திருக்கிறது. ஓட்டியவன் வண்டியை அங்கேயே விட்டு ஓடிவிட்டான். இன்சூரன்ஸ் முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆர்.சி.யில் என் பெயர். புரோக்கர் நான் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன் என்றார், அந்த வேறொருவர் இன்னொருவருக்கு என்றார். எல்லோரிடமும் என் கையெழுத்து மட்டும்தான் இருந்தது. தீர்ப்பாயத்தில் இழப்பீடு என் தலையில் வந்தது. தவணை தவணையாக மூன்று வருடம் கட்டினேன்.

கட்டியதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தப் பெரியவரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன், நெசவுத் தொழிலாளி, வலது கால் முட்டிக்குக் கீழே நொறுங்கியிருந்தது. அவருக்கு வர வேண்டிய பணம் உடனே வராமல் என் தவணைக்குக் காத்திருந்தது. அதுதான் இன்றும் உறுத்துகிறது. நான் ஒரு மணி நேரம் செலவழித்துப் பெயரை மாற்றிக் கொடுத்திருந்தால், வாங்கியவர் தன் பெயரில் ஒழுங்காக இன்சூரன்ஸ் எடுத்திருக்கலாம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. வண்டி கைமாறியிருந்தாலும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது. மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவின்படி அதே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாளில் தகவல் தர வேண்டும், வாங்கியவர் 30 நாளில். உங்களுக்கு இரண்டு கெடுவும் தாண்டிவிட்டது. தாமதக் கட்டணம் கட்டினால் போதும், இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இன்சூரன்ஸையும் வாங்கியவர் 14 நாளில் தன் பெயருக்கு மாற்றக் கேட்டிருக்க வேண்டும். உங்கள் நோ-கிளெய்ம் போனஸ் வண்டியோடு போகாது, அது உங்களுடையது. கம்பெனியிடம் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால் திரும்பி வந்து வேறு கார் வாங்கும்போது உதவலாம்.

ஜூனியர் நல்ல பையன் என்கிறீர்கள். நம்புகிறேன். அவன் நல்லவன் என்பதற்காகவே செய்யுங்கள். நாளை அவனுக்கு ஏதாவது ஆனால் உரிமையாளர் என்ற பெயரில் கிடைக்கும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு அவன் வீட்டுக்குப் போய்ச் சேராது, பாலிசியும் ஆர்.சி.யும் உங்கள் பெயரில் கிடக்கின்றன.

உங்கள் போன் எண் இந்தியாவில் உயிரோடு இருக்கும்போதே, விமானம் ஏறுவதற்கு முன்பே, அவனைக் கூட்டிக்கொண்டு உட்காருங்கள். வெற்றுப் படிவங்களைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். விற்ற தேதி, நேரம், தொகை எழுதி இருவரும் கையெழுத்திட்ட விற்பனைச் சீட்டு ஒன்று. அவனுடைய ஓட்டுநர் உரிமத்தின் நகல் ஒன்று. பரிவாகனில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, தாள்களை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்த ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து நாள் கழித்து வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் எண் ஒன்று கூடியிருக்க வேண்டும். கூடவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், தஞ்சாவூரில் எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவர் அலுவலகத்துக்கு உங்களோடு வருவார்.